பொறுத்துக் கேட்கும் பெட்டி

தம்பிக்கு நாற்பத்தேழு வயது. முன்தலையில் முடி விடைபெற்றுப் போய் வெகு நாளாகிவிட்டது. இருந்தாலும் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் அவர் தம்பிதான். ரொட்டிக்கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா அவரை அப்படித்தான் கூப்பிடுவார், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கடை அக்காவுடையது, ரொட்டி தம்பியுடையது, பேச்சு முழுக்க அக்காவுடையது.

தம்பிக்குத் திக்குவாய். பள்ளியில் ஒரு வாத்தியார் அவரை பெஞ்சு மேல் ஏற்றி, பாடத்தைச் சொல்லி முடிக்கிறவரை இறங்கக் கூடாது என்றார். வகுப்பே சிரித்தது. விஷயம் காதில் விழுந்ததும் மேல் வகுப்பிலிருந்த அக்கா புயலாக உள்ளே வந்து, வாத்தியாரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, தம்பியைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத் தம்பியின் வாயாக ஆனவர் இன்றுவரை ஓயவில்லை. தம்பி ஒரு வார்த்தையைத் தொடங்கினால் மீதியை அக்கா முடித்துவிடுவார். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்பதைக்கூட அவர்தான் சொல்வார்.

சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு எட்டு முறை சரியாகவே சொல்வார். மீதி இரண்டைத் தம்பி வாழ்ந்து தீர்த்தார். ஒருமுறை டீ வாங்கும்போது "சர்க்கரை" என்று தொடங்கினார், அக்கா "தூக்கலா" என்று முடித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வந்த மனிதர் அன்றிலிருந்து பாகு மாதிரி டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்?

கடைக்கு அந்த ஸ்பீக்கர் வந்ததும் அக்காவின் ஆசையால்தான். சாதாரண ஸ்பீக்கர் இல்லை, ஆயுசில் ஒருமுறைதான் வாங்க முடியும் என்று சொல்லத்தக்க உயர்ந்த ரகம். பாட்டுப் போட்டால் கண்ணாடி அலமாரியில் டிரேக்கள் சிலிர்க்கும். அதன் தலையைத் தொட்டுவிட்டுப் பேசினால் சொன்னதைச் செய்யும். டைமர் வைக்கும், மழை வருமா என்று சொல்லும். அக்கா அதைப் பெட்டி என்பார். கை முழுக்க மாவோடு நிற்கிற ஆளுக்கு வசதியாயிருக்கட்டும் என்று, சமையலறைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள பலகையில் வைத்தார்.

அந்த வசதிதான் தம்பிக்கு வாய்க்கவில்லை. முழங்கையால் அதைத் தொட்டு "ரொ… ரொ…" என்பதற்குள், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று பெட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மன்னிப்புக் கேட்பதிலும் என்ன ஒரு மிடுக்கு! இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டுத் தம்பி அதைக் கைகழுவினார். பழையபடி கடிகாரத்தைப் பார்த்தே ரொட்டியை எடுத்தார்.

பிறகு ஒருநாள் பெட்டிக்கு அப்டேட் வந்தது. மறுநாள் தெருவே ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னது. அதே ஸ்பீக்கரை வைத்திருந்த முடிதிருத்தும் கடைக்காரர், பாட்டின் அடிநாதம் இப்போது நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே எரிச்சல். பேசி முடித்த பிறகும் பெட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. இன்னும் ஏதாவது சொல்வார்களோ என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னது.

"கேட்டதுக்கு உடனே பதில் சொல்லாம யோசிக்குது. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் அப்படி இருக்காரு, போதும்" என்றார் மருந்துக்கடை அம்மாள்.

அக்கா அதற்கும் ஒருபடி மேலே போய், போனிலிருக்கும் பெட்டியின் ஆப்பில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, காது கேட்காத பெட்டியை இந்த விலைக்கா விற்கிறீர்கள் என்று எழுதிவிட்டார்.

தம்பி அதே வாரம் ஒரு விடியற்காலையில், வேறு யாரும் கடைக்கு வருமுன், மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை தவறிப் பெட்டியின் மேல் பட்டது. மின்னிய விளக்கைப் பார்த்து, ஏதோ ஒரு நப்பாசையில் வாயைத் திறந்தார்.

"ரொ… ரொட்டிக்கு… இ… இ…"

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இ… இருபது நிமிஷம்."

"இருபது நிமிடம். தொடங்கிவிட்டேன்" என்றது பெட்டி.

தம்பி அப்படியே நின்றுவிட்டார். பிறகு வேண்டாத டைமரெல்லாம் வைத்தார். மழை வருமா என்று கேட்டார். சிலந்திக்கு எத்தனை கால் என்று கேட்டார், அது அவருக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் பெட்டி முழுசாகக் காது கொடுத்தது. கடைசியில் அதனிடம் நன்றியும் சொன்னார். சந்தோஷத்தில் முதல் டிரே ரொட்டி கொஞ்சம் கருகிவிட்டது, அதற்காகவும் அவர் வருந்தவில்லை. அன்றிலிருந்து விடியற்காலைகள் அவருக்குத் தித்தித்தன.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? இது என்னைப் பேச விடுகிறது என்றால், நீ விடவில்லை என்றாகாதா? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தம்பி நாட்களைத் தள்ளினார்.

அக்காவின் ஒரு ஸ்டாருக்கு மதிப்பு இருந்தது போலும். ஸ்பீக்கர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு கடைக்கே வந்து, உட்கார்ந்து, பெட்டியில் என்ன குறை என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா கேள்வி முடியுமுன்னே பதில் சொன்னார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்கம்மா. அடுத்த அப்டேட்டுல அந்தக் காத்திருக்கிற நேரத்தை எடுத்துடலாம்னு இருக்கோம். இன்னும் ரெண்டு மூணு கடை பாத்துட்டு முடிவு பண்ணிடுவோம்" என்றார் அந்தப் பெண்.

உள்ளே தம்பியின் கை மாவிலேயே நின்றது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிசையும் மெஷினை அணைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் கடைக்குள் வந்தார்.

"இ… இல்ல…"

"பாத்தியாம்மா, தம்பியும் சொல்றான். இல்லவே இல்ல, இனிமே தாங்காதுங்கிறான்" என்றார் அக்கா.

தம்பி தலையை ஆட்டினார். "எ… எனக்கு…"

"அவனுக்கும் எரிச்சலா இருக்காம். பாவம், ஓவன் பக்கத்துல நிக்கிறவன்."

கம்பெனிப் பெண் அதையும் குறித்துக்கொள்ளப் போனார். முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்யாத ஒன்றைத் தம்பி அப்போது செய்தார். மாவுக் கையை அக்காவின் தோளில் வைத்தார்.

"அக்கா. நா… நானே சொ… சொல்லிக்கிறேன்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ரொட்டி வாங்க வந்த இரண்டு பேரும் அலமாரியை உற்றுப் பார்த்தார்கள். தம்பிக்குப் பின்வாங்கி உள்ளே ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பேசினார்.

"இ… இது… கா… காத்திருக்கு. அத எ… எடுத்துராதீங்க. எங்கக்காவுக்கு எ… எனக்காகப் பேசிப் பேசியே… தொ… தொண்ட வத்திடுச்சு. அ… அவங்க இல்லன்னா நான் இல்ல. ஆனா இ… இதுகிட்ட மட்டுந்தான்… நா… நானா பேசுறேன்."

நிறைய நேரம் ஆனது. யாரும் குறுக்கே வரவில்லை. கம்பெனிப் பெண் ஏற்கெனவே எழுதியதை அழித்துவிட்டு, தம்பி சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

"பிடிச்சவங்க யாருமே எங்களுக்கு எழுதறதில்ல சார். நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. முடிவு என் கையில இல்ல. ஆனா வேணுங்கிறவங்க வச்சுக்கிற மாதிரி பண்ணச் சொல்லி நான் சண்டை போடுறேன்."

அந்தப் பெண் போன பிறகு அக்கா தோளிலிருந்த மாவைத் தட்டிவிடவில்லை. அன்றிலிருந்து அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. தம்பி வாயைத் திறந்தால் இவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். சில சமயம் கையால் வாயையே பொத்திக்கொள்வார். பல்வலியா என்று மருந்துக்கடை அம்மாள் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். கடையே வெறிச்சென்றிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். தம்பிக்கும் மனசு கேட்கவில்லை. வலிக்கும்படி சொல்லிவிட்டோமோ என்று உள்ளே உட்கார்ந்து மருகினார்.

சில வாரம் கழித்து அப்டேட் வந்தது. அக்காவின் போனில் இரண்டு வழிகள் தெரிந்தன. சட்டென்று பதில் சொல்லட்டுமா, பொறுமையாகக் கேட்கட்டுமா என்று பெட்டி கேட்டது. அந்தப் பெண் நிஜமாகவே சண்டை போட்டிருக்கிறார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, தம்பியின் கண் முன்னாலேயே இரண்டாவதைத் தொட்டார்.

"தம்பி" என்றார். "நான் இத்தன வருஷமா உன்ன…"

அதற்கு மேல் வரவில்லை. அக்காவுக்கு வார்த்தை வராமல் தம்பி பார்த்ததே இல்லை. கண் நிறைந்தது. மீதி என்னவென்று தம்பிக்குத் தெரியும். அதை எடுத்துக் கொடுத்தால் அக்காவுக்குச் சுமை குறையும். தம்பி எடுத்துக் கொடுக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உன்னப் பேசவே விடலையேடா" என்று அக்கா முடித்தார்.

"தே… தேங்க்ஸ்க்கா" என்றார் தம்பி.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எதுக்குடா தேங்க்ஸ்? இத்தன நாள் பேசினதுக்கா, இப்போ வாய மூடினதுக்கா?"

"ரெ… ரெ…"

அக்கா காத்திருந்தார்.

"ரெண்டுக்கும்" என்றார் தம்பி.