சாக்கட்டிப் படங்களின் ஏலம்

பெற்ற தாய்க்குத் தன் மகள் வரைந்த படம் எதுவென்று தெரியாமலா போகும்? இந்த ஒரு திமிரோடுதான் அந்தச் சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்தேன். கைப்பையில் இரண்டாயிரம் வைத்திருந்தேன். எங்கள் தையல் கடை கட்டிங் மாஸ்டரும் கூட வந்தார். நேராக வீட்டுக்குப் போனால் பொண்டாட்டி ஒட்டடை அடிக்கச் சொல்லுவாள் என்று பயம்.

விஷயம் இதுதான். வருகிற வருஷத்திலிருந்து ஓவிய வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் பரீட்சைப் பயிற்சி வைக்கப் போகிறோம் என்று பெற்றோரைக் கூட்டிச் சொன்னார் ஹெட்மாஸ்டர். சம்மதம் என்றால் கையைத் தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். கடையிலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்ததில் விரலில் மாட்டியிருந்த தையல் உறையைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட உயரத் தூக்கினேன். படம் வரைந்தால் வயிறு நிறையுமா என்பதுதான் என் எண்ணம். மகள் அப்போது மேடை ஓரத்தில் தண்ணீர் டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு மூடிய வாயை ஒரு மாதம் என்னிடம் திறக்கவில்லை.

ஆனால் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. அந்த விஷயத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். நாற்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தலைநகரில் இருக்கும் கல்விக் குழுவுக்கு எழுதினாள். மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. நாலாவதற்கு வந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து உங்கள் தரப்பைச் சொல்லலாம் என்று இருந்தது. நாற்பது பேரும் அவர்கள் படங்களும் போய் இறங்க ஒரு பஸ் வேண்டும். பஸ்காரர் இருபதாயிரம் கேட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்குள் பணம் வராவிட்டால் வண்டியை வேறு சவாரிக்கு விட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்த ஏலம். பஸ் போகாவிட்டால் ஓவிய வகுப்புக்கு அன்றோடு முழுக்கு.

ஏலத்துக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தப் படத்திலும் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். பெயரைத் தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, படத்தின் பின்னால் செருகியிருந்தார்கள். வாங்கியவர் பணம் கட்டிய பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். வசதியுள்ள அப்பா அம்மா தங்கள் பிள்ளையின் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டக் கூடாதாம். இந்த விதியைப் போட்டது யார் என்று விசாரித்தேன். என் மகள்தான்.

ஏலம் விட்டது அவள் சிநேகிதி. என் முழங்கை உயரம்கூட இல்லாத அந்தப் பெண்ணை அவள் குரலுக்காக எல்லாரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். சுத்தியலுக்குப் பதிலாகக் கையில் கரும்பலகை டஸ்டர். அவள் மேஜையைத் தட்டும்போதெல்லாம் சுண்ணாம்புத் தூள் பறந்து முதல் வரிசைக்காரர்கள் தும்மினார்கள்.

ஏழாம் நம்பர் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படிக்கட்டில் தூங்கும் ஒரு நாய். கோடெல்லாம் நீலம். அது என்ன நீலம் என்று எனக்குத் தெரியாதா? துணியில் அளவு குறிக்கிற எங்கள் கடை சாக்கட்டி! வரைந்திருந்த நீள அட்டையும் துணி சுற்றி வருகிற அட்டைதான். நாலு மாதமாகக் கடையில் சாக்கட்டி காணாமல் போய்க்கொண்டிருந்தது. "என்ன மாஸ்டர், திங்கறீங்களா?" என்று தினமும் அவரைத்தான் குடைந்துகொண்டிருந்தேன்.

"எண்ணூறு!" என்றேன்.

"எண்ணூறு ஒரு தரம், எண்ணூறு ரெண்டு தரம்..." டஸ்டர் விழுந்தது.

உறையைப் பிரித்தார்கள். லாண்டரிக்காரர் மகன் எழுந்து நின்றான். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டாம். பையன் நேராக என்னிடம் வந்தான்.

"ஆன்ட்டி, நெஜமாவே புடிச்சுதா?"

"புடிக்காமலா எண்ணூறு குடுப்பேன்?" என்றேன். சமாளிக்கத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தால், நாயின் வயிறு மூச்சு வாங்குவது போலவே இருந்தது. ஒரே கோடு, ஓர் இடத்திலும் கை தடுமாறவில்லை. முப்பது வருஷமாக அதே சாக்கட்டியைப் பிடிக்கிற எனக்கு அப்படி ஒரு கோடு வராது.

ஒன்பதாம் நம்பரிலும் அதே நீலம். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். இது கண்டிப்பாக என் மகள்தான் என்று ஐந்நூறுக்கு எடுத்தேன். உறைக்குள் இருந்தது வேறொரு பெண்ணின் பெயர். அவளையே பிடித்துக் கேட்டேன்.

"ஏம்மா, இந்த சாக்கட்டி உனக்கு ஏது?"

"உங்க பொண்ணுதான் ஆன்ட்டி குடுத்தா. கலர் வாங்க முடியாதவங்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு. எங்க கிளாஸ்ல ஒம்போது பேரு இதுலதான் வரையறோம்."

மாஸ்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அக்கா, இப்பச் சொல்லுங்க. நான் தின்னேனா?"

"வாயை மூடிட்டு உக்காருங்க மாஸ்டர்," என்றேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்து, கேட்காமலே எடுத்து, தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். திருடிதான், ஆனால் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டாம் நம்பர், சொட்டும் குழாயும் காத்திருக்கிற வாளிகளும். மஞ்சள் சாக்கட்டி. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறது, இவர்களுக்குக் கண் எங்கே போயிற்று? நானூறு கொடுத்து வாங்கினேன். இந்தத் தடவை யார் வரைந்தது என்று யோசிக்கவே இல்லை. கைப்பையில் மிச்சம் முந்நூறு.

இருபத்து மூன்றாம் படம் முடிந்தபோது மணி ஐந்தரை. மைக்செட் கணக்குப் பார்த்தாள். இன்னும் நாலாயிரம் குறைவு. வாசலில் பஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் கடித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கடைசிப் படம். நம்பர் இருபத்து நாலு," என்று மைக்செட் துணியை விலக்கினாள்.

நாலு அட்டைகளைச் சேர்த்து வைத்துத் தைத்திருந்தது. என் கடை நூல். அதில் முகமே இல்லை, கைகள் மட்டும். வரிசை வரிசையாகத் தூக்கிய கைகள், வெள்ளைச் சாக்கட்டியில். அடுப்புச் சூடு பட்ட தழும்போடு பேக்கரிக்காரர் கை. கிரீஸ் போகாத நகங்களோடு மெக்கானிக் கை. மருந்துக்கடை அம்மாவின் கையில் அவர் எப்போதும் பிடித்திருக்கும் பேனா. முதல் வரிசையில், எல்லாவற்றையும்விட உயரமாக, நடுவிரலில் தையல் உறையோடு ஒரு கை.

உறையைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹாலில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் தலை குனிந்துவிட்டது. ஆனால் அவள் எங்களைக் கேலி செய்திருக்கவில்லை. அந்தக் கைகளை அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். என் விரலில் ஊசி குத்திய புள்ளிகளைக்கூட விடவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசாதவள், அந்த ஒரு மாதமும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

யார் வாங்குவது? வாங்கி எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது?

"முந்நூறு," என்றேன். "அவ்வளவுதான் இருக்கு."

மாஸ்டர் எழுந்தார். "இது ஒரு ஆள் வாங்கற படம் இல்லைங்க. அவங்கவங்க கைக்கு அவங்கவங்க காசு குடுத்துடலாம். படம் பிள்ளைங்களோட பஸ்ல போகட்டும்."

பேக்கரிக்காரர் தழும்புள்ள கையைத் தூக்கினார். மெக்கானிக் தூக்கினார். பின்வரிசை மொத்தமும் தூக்கியது. மேடையில் இருந்த படமும் கீழே இருந்த ஹாலும் ஒன்று போலவே இருந்தன.

"எல்லாரும் ஒரே நேரத்துல தூக்கினா நான் யார் பேரைத்தான் எழுதுறது?" என்று கத்தினாள் மைக்செட். கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு முன்னால் வந்தார். "என் கை அதுல இல்லையேம்மா," என்றார் மகளிடம்.

"நீங்க தூக்கச் சொன்னவர் சார். தூக்கலையே," என்றாள் அவள். மனிதர் பர்ஸை எடுத்தார். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பஸ்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது மகள் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, சாக்கட்டி நான்தான் எடுத்தேன்."

"தெரியும். இனிமே கேட்டு எடு. மாஸ்டர் பாவம்." அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன். "பஸ்ல ஒரு சீட்டு இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். அன்னைக்குத் தூக்கினது தப்புன்னு தூக்கினவளே வந்து சொல்ல வேண்டாமா?"

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "அங்க கையத் தூக்கினா மட்டும் போதாதும்மா. பேசணும். பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருப்பாங்க."

"என் வாயைப் பத்தி மாஸ்டரைக் கேட்டுப் பாரு," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் வலது கையை எடுத்து விரித்து நடுவிரலைப் பார்த்தாள். அன்றைக்கும் நான் தையல் உறையைக் கழற்ற மறந்திருந்தேன்.

"திங்கக்கிழமையும் இதோடயே வாம்மா," என்றாள். "படத்துல இருக்கறது யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்."