அசாதாரண நட்டம்: நூற்றறுபது கட்டி

எழுதப்படாத கொடுக்கல் வாங்கல் நடக்காத கொடுக்கல் வாங்கல். மனித குலம் இதுவரை கண்டறிந்த உண்மைகளில் இதுவே தலையாயது என்று, வாப்பாவின் மையித்து நடு அறையில் குளிப்பாட்டலுக்குக் காத்திருந்த வேளையில், அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தபடியே ஃபஸ்லான் அறிவித்தான். அலுமாரியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த வாப்பாவின் தம்பி உசனார் சாச்சா, கால் பெருவிரலைப் பார்த்து இழுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அலுமாரிக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் இருக்கவில்லை. உலர்ந்த பல்லி ஒன்றும் மூத்த சகோதரி றுஷ்னா ராத்தாவின் சீப்பு ஒன்றும் இருந்தன. மெத்தைக்கு அடியிலும் பரணிலும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இருபத்திரண்டு வருடங்களாக எத்தாளைக் கரையில் ஐஸ் கொட்டில் நடத்திய வாப்பா, நெய்னார் என்ற மனிதர், புத்தளத்திலிருந்து லொறியில் வரும் கட்டி ஐஸை உமிக்குள் புதைத்து வைத்துப் படகுகளுக்கு விற்றவர், ஒரு வரிகூட எழுதாமல் அன்று சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கழுவி வுளூ எடுக்கையில் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் அவருடைய பொறுப்புகளின் மொத்தத் தொகையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் சபையின் எதிரே நின்று, மௌத்தானவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் அது இனி என் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். சாச்சா விடியற்காலையிலேயே அதை ஞாபகப்படுத்தினார். வாப்பா தன் வாப்பாவுக்காக அப்படி நின்று சொன்னவர். தொகை தெரியாமல்தான் சொன்னார். ஊரில் எல்லோரும் தொகை தெரியாமல்தான் சொல்கிறார்கள். கொழும்பில் 'வணிகத் தீர்மானமெடுப்போருக்கான அறிமுக நிதி மற்றும் முகாமைக் கணக்கீடு' என்ற ஆறு மாதப் பாடநெறியில், வரையறையற்ற பொறுப்புக்கு உதாரணம் கேட்கப்பட்டபோது ஃபஸ்லான் எழுந்து இந்த வழக்கத்தைத்தான் சொன்னான். ஊர்க்காரர்கள் கபுர்க் குழியின் ஓரத்தில் நின்று வெற்றுக் காசோலையில் ஒப்பமிடுகிறார்கள் என்றான். வகுப்பு நன்றாகச் சிரித்தது.

"தொகை தெரியாம எப்பிடி சாச்சா பொறுப்பெடுக்கிற?"

"வாயால எடுக்கிறதுதான் மகன்" என்றார் சாச்சா.

ஒன்பது மணிக்கு அவன் வாசல் படலையடியில் ஒரு மேசையும் கதிரையும் போட்டான். புதிய சீ.ஆர். கணக்குக் கொப்பியில் நடுவே கோடிழுத்து, இடப்புறம் கடன்பட்டோர், வலப்புறம் கடன்கொடுத்தோர் என்று தலைப்பிட்டான். மையித்துப் பார்க்க வந்தவர்கள் அது நன்கொடை மேசை என்று நினைத்து ஐம்பதும் நூறுமாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவற்றைத் திருப்பிக் கொடுப்பதிலேயே முதல் அரைமணி போயிற்று.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் இடப்புறத்துக்கே வந்தார்கள். ஒருவர் தான் இரண்டு கட்டி கொடுக்க வேண்டும் என்றார். எத்தனை ரூபா என்று கேட்டதற்கு, ரூபா இல்லை, கட்டி என்றார். கருவாடு போடும் உம்மு குல்தூம் அரைக் கட்டி என்றாள். அதுவும் உடைந்த கட்டியாம், ஆகவே கொஞ்சம் குறைத்து எழுதட்டாம். இன்னொருவர் வெள்ளம் வந்த வருடம் வாங்கிய மூன்று கட்டியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாகவும், கொடுத்தது சற்றுப் பெரிய கட்டி என்றும் சொல்லிவிட்டு அழுதார்.

ஃபஸ்லானுக்குத் தலை சூடேறியது. இது வாப்பாவின் சட்டம். முந்நூறு ரூபா விலையில் கடனாகப் போன கட்டிக்கு, விலை நானூற்றிருபது ஆனபின் நானூற்றிருபது வாங்கினால் கூடுதல் பணம் வட்டியாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். முந்நூறே வாங்கினால் கைநட்டம். ஆகவே ஐஸுக்கு ஐஸ். வரலாற்றுக் கிரயத்தில் பதிவதா, தற்போதைய கிரயத்தில் பதிவதா என்று ஃபஸ்லான் பேனையைக் கடித்தான். வாங்கிய அன்று மாலையே உருகிப் போன ஒரு சொத்தை ஐந்தொகையில் எங்கே காட்டுவதென்று விரிவுரையாளர் சொல்லித்தரவில்லை.

வலப்புறம் வெள்ளையாகவே கிடந்தது. மையித்து வீட்டு வாசலில் யார் வந்து கடன் கேட்பார்கள் என்று சாச்சா கேட்டார். அப்படியானால் தன் கொப்பி கேட்கட்டும் என்று, சந்தேகத்துக்கு இடமானவர்களை ஃபஸ்லான் தானே கூப்பிடத் தொடங்கினான். லொறிக்காரர் கைகாசுக்கே ஐஸ் இறக்கியதாகச் சொல்லி, 'பூச்சியம்' என்று எழுதிய இடத்தில் ஒப்பமிட்டார். உமி கொடுப்பவரும் ஒப்பமிட்டார். பதினொரு மணியளவில் பேதுரு வந்தார். வாப்பாவோடு பதினைந்து வருடம் பழகியவர், கரையில் இரண்டு படகு வைத்திருப்பவர். வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"பேதுரு அண்ண, வாப்பா உங்களுக்கு ஏதும் தரவேணுமா?"

பேதுரு வீட்டுக்குள் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார்.

"நெய்னார் நானாவா? ஒண்டுமில்ல தம்பி."

"நிச்சயமா?"

"எங்க ஒப்பம் வைக்க?"

வைத்தார். ஃபஸ்லான் அந்த ஒப்பத்தைத் தனியான மனநிறைவோடு பார்த்தான். ஏனென்றால் பேதுருவைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதுவும் எழுத்தில் இருந்தது. பாடநெறியின் இறுதி ஒப்படைக் கட்டுரைக்கு அவன் வாப்பாவின் கொட்டிலைத்தான் ஆய்வுக்கு எடுத்தான். கொழும்பிலிருந்து வார இறுதிகளில் வந்து, லொறிக்காரரின் சிட்டைப்படி இறங்கிய கட்டிகளையும் தகரப்பெட்டியில் விழுந்த காசையும் ஒப்பிட்டான். உமிக்குள் இயல்பாக உருகுவதைச் சாதாரண நட்டமென்று கழித்தான். அதற்கு மேலும் வாரத்துக்கு எட்டுக் கட்டி காசில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. இருபது வாரம், நூற்றறுபது கட்டி. பதினோராம் பக்கத்தில், கட்டமிட்டு, 'அசாதாரண நட்டம்' என்று எழுதினான்: திருட்டு அல்லது கவனயீனம், அடிக்கடி வந்துபோகும் படகுக்காரர்களைக் கண்காணிக்க வேண்டும், முடியாவிடில் வியாபாரத்தை மூடுவதே பகுத்தறிவான தீர்மானம். கையளித்த கையோடு அதற்கு ஏ கிடைத்தது. மூன்று நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பாவுக்கு அதை முழுவதுமாக வாசித்துக் காட்டினான். வாப்பா நகம் வெட்டிக்கொண்டே கேட்டார். எத்தனை கட்டி என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டார். சொன்னான்.

"சரியாத்தான் எண்ணியிருக்கிறாய் மகன்" என்றார். பிறகு மற்றக் கையின் நகங்களை வெட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு ஃபஸ்லான் கொப்பியைக் கூட்டி முடித்தான். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியாகிவிட்டது என்று உள்ளிருந்து சொன்னார்கள். அவன் சாச்சாவிடம் கொப்பியை நீட்டினான். கடன்கொடுத்தோர்: பூச்சியம். ஆறு ஒப்பம். இனிப் பள்ளியில் தாராளமாகச் சொல்லலாம். இல்லாத ஒன்றைப் பொறுப்பெடுப்பதில் தனக்கு ஆட்சேபனை இல்லை.

சாச்சா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். பேதுருவின் பெயரில் விரலை வைத்தார்.

"இது பிழை மகன்."

"அவரே ஒப்பம் வச்சிரிக்காரு."

"வைப்பான். இண்டைக்கு நீ எதைக் குடுத்தாலும் ஒப்பம் வைப்பான்."

"எழுத்தில இல்லாதது எப்பிடி சாச்சா கடனாகும்? கடனை எழுதச் சொல்லி குர்ஆனிலயே இரிக்கி."

"ஓம். சாட்சி வைக்கச் சொல்லியும் இரிக்கி. ஆம்பிளை ரெண்டு, இல்லாட்டி ஆம்பிளை ஒண்டும் பொம்பிளை ரெண்டும்." சாச்சா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "ஆம்பிளை நான். மற்ற ரெண்டு பேரும் உள்ளுக்கு இரிக்காங்க."

உள்ளறை வாசலில் சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் உம்மாவும் றுஷ்னா ராத்தாவும் இருந்தார்கள். ஓதல் சத்தம் நின்றிருந்தது.

சாச்சா சொன்னது சுருக்கமானது. பாடநெறிக்குக் கட்டணம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் என்று ஃபஸ்லான் கடிதத்தைக் கொண்டுவந்த கிழமை, வாப்பா பேதுருவை வீட்டுக்குக் கூப்பிட்டார். பேதுரு பாயில் உட்கார்ந்து காசை எண்ணி வைத்தார். கடனாகக் கேட்க வாப்பாவுக்கு மனமில்லை, விற்பனை என்றே பேசினார்: கட்டி முந்நூற்றைம்பது படி நானூறு கட்டி ஐஸுக்கு முற்பணம். புதன்கிழமைகளில் எட்டு எட்டாகப் பேதுரு எடுத்துப் போவார். விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. ஃபஸ்லான் புதன்கிழமைகளில் கொழும்பில் இருந்தான்.

"எத்தினை எடுத்திருக்காரு?" என்று ஃபஸ்லான் கேட்டான்.

சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா சொன்னாள். "நூத்தியறுவது."

அவன் கூட்டிப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அவன் போட்ட கணக்குகளில் வெளிச்சாட்சியோடு அச்சொட்டாகச் சமப்பட்டது இது ஒன்றுதான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாந்தானே" என்றான். குரல் அவன் நினைத்ததை விட உயர்ந்து, முற்றத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த வீட்டில கணக்குப் படிச்சவன் நான் ஒருத்தன். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது."

 சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல், அழுது தேய்ந்து, வந்தது. "சொன்னா நீ எழுதிப்போடுவாய் எண்டாரு."

முற்றத்தில் மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபஸ்லான் மீண்டும் படலையடிக்குப் போய்க் கதிரையில் இருந்தான். மீதி இருநூற்று நாற்பது கட்டி. பழைய விலைப்படி எண்பத்து நாலாயிரம், இன்றைய விலைப்படி ஒரு இலட்சத்து எண்ணூறு. வாரம் எட்டென்றால் இன்னும் முப்பது வாரம், அவன் மூடச்சொன்ன கொட்டிலை முப்பது வாரம் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் கையிலிருந்த கொப்பியின்படி அப்படியொரு கடனே இல்லை. கடன்கொடுத்தவர் தாமாக விட்டுக்கொடுத்த தொகை வருமானமாகக் கருதப்படும் என்று பாடநூலில் தெளிவாக இருந்தது. ஒரு கோடும் அழிக்காமல், ஒரு பொய்யும் எழுதாமல், அவன் இன்று மத்தியானம் ஒரு இலட்சம் ரூபா இலாபமடையலாம். இப்படிச் சுத்தமான பதிவேடு கொழும்பில்கூட அவன் கண்டதில்லை.

பாங்கு ஒலித்தது. சந்தூக்கைத் தூக்கினார்கள். தோள்கொடுத்து நடக்கையில் பாரம் ஒருபக்கம் சரிந்ததால், யாரோ பின்னால் வந்து அவனைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டார்கள். தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கோபுரம் கடலுக்கு மேலே நேராக நின்றது. 

லுஹர் முடிந்து சந்தூக்கைப் பள்ளி முற்றத்தில் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் வைத்தார்கள். நாலு வரிசை நின்றது. மௌலவி ஃபஸ்லானைப் பார்த்துத் தலையசைத்தார். வழி நெடுக அவன் ஒரு வசனத்தைத் தயாரித்து வைத்திருந்தான்: 'என்னிடமுள்ள பதிவுகளின்படி என் வாப்பா எவருக்கும் கடனாளி அல்லர்.' அதில் பிழைபிடிக்க எந்தக் கணக்காய்வாளராலும் முடியாது.

அவன் வரிசைகளுக்கு எதிரே போய் நின்றான். முற்றத்து மதில் இடுப்புயரம். அதற்கு அப்பால் வேப்பமர நிழலில், தொழுகைக்கு உள்ளே வராத கரைக்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். பேதுரு கடைசியில், பாதி வெயிலில், தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"எங்கட வாப்பா ஆருக்காவது குடுக்க இரிந்தா" என்று ஃபஸ்லான் தொடங்கினான். தொண்டையைச் செருமினான். "எழுத்தில இரிந்தாலும் இல்லாட்டியும், அது என்னில. காசெண்டா காசா. கட்டியெண்டா கட்டியா. எவ்வளவெண்டாலும்."

கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சொன்னார்.

ஃபஸ்லான் மதில் பக்கமாகத் திரும்பி, அதையே முதலிலிருந்து, மெதுவாக, உரத்துச் சொன்னான்.  பேதுரு தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினார்.

மௌலவி முன்னே போனார். முதல் வரிசையில் உசனார் சாச்சா அரை அடி விலகினார். ஒரு ஆள் அளவுக்குத் திறந்த வரிசை, ஃபஸ்லான் உள்ளே போனதும் தோளோடு தோள் சேர்ந்து மூடிக்கொண்டது.