ஒரே கலர் புடவை

மறுபடியும் கனகாவின் போன். காலையிலிருந்து ஓயவில்லை. சுகிர்தாவுக்குக் கைபேசியைத் தண்ணீர்க் குடத்தில் போட்டு மூடிவிடலாம்போல் இருந்தது.

சாலவாக்கம் பக்கத்து அந்த ஊரில் மகளிர் குழுவுக்குச் செயலாளர் சுகிர்தா, காலனிக்காரி. கனகா ஊர்த் தெருவில் நிலம்நீச்சு உள்ள வீட்டுக்காரி. உத்திரமேரூர் விழாவுக்குக் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரிப் புடவையில் வர வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். பிடித்தது சனி.

"ஒரே கலரா இருக்கட்டும் சுகிர்தா, நான் வேணாம்னா சொல்றேன்? எங்க தெருவுக்கு மட்டும் ஜரிகை பார்டரா பாரேன்."

"அப்பறம் எப்பிடிக்கா ஒரே மாதிரி ஆவும்?"

"தூரத்துல பாத்தா ஒண்ணாத்தான் தெரியும்."

"கிட்ட வந்து பாக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றாள் கனகா, வெகு இயல்பாக.

சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜரிகையில்லாத நீலப் புடவையையே எல்லோருக்கும் எடுத்து வந்தாள்.

விழா நாளில் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால், ஊர்த் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நீலப் புடவைக்கு அரக்குப் பட்டு ரவிக்கை போட்டு நின்றார்கள். பேசிவைத்துத் தைத்திருக்கிறார்கள்.

"உடு, பேஜாரு" என்றாள் கூட வந்த சிட்டம்மாள்.

மேடையில் அதிகாரி பூரித்துப்போனார். "இவங்களப் பாருங்க. மேல கீழ இல்லாம ஒண்ணா வந்திருக்காங்க. யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

மைக் சுகிர்தாவிடம் வந்தது. மனப்பாடம் செய்திருந்த நன்றியுரையை விட்டுவிட்டாள்.

"பொடவ ஒண்ணுதான் சார். மாசாமாசம் கூட்டம் கனகா அக்கா வூட்டு வாசல்ல நடக்குது. அவங்க தெருக்காரங்க சேர்ல ஒக்காருவாங்க. நாங்க தரையில. செயலாளரு நானும் தரையில ஒக்காந்துதான் கூட்டம் நடத்திக்கினு கீறேன். அடுத்த கூட்டம் எங்க வூட்ல. எல்லாரும் வரணும்."

தட்டப் போன கைகள் பாதியில் நின்றன. அதிகாரி கனைத்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் கனகா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள்: "இத்தினி பேர் எதிர்ல என் பேர எடுக்கணுமா?"

"தனியா சொன்னப்ப சிரிச்சிட்டுப் போய்ட்டீங்களேக்கா."

அடுத்த மாதம் சுகிர்தா வீட்டில் பாய் விரித்தாள். ஊர்த் தெருவில் ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு நடவு, ஒருத்திக்கு விருந்தாளி. அங்கிருந்து தமிழ்ச்செல்வி மட்டும் வந்தாள். எரிச்சலோடு கூட்டத்தை முடிக்கப் போகும்போது வாசலில் கனகா. பாயைப் பார்த்துத் தயங்கியவள், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"டீ குடிக்கிறீங்களாக்கா?"

"வேணாம். எனக்கு சுகர் கீது."

சுகிர்தா உள்ளே போய், ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "சக்கர போடல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகா டம்ளரையே பார்த்தாள். பிறகு எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது.

"இன்னா சுகிர்தா, தூள இப்பிடிக் கொட்டி வச்சிருக்க?"

சுகிர்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பால் எடுத்துவர எழுந்தாள்.