ஒன்றுக்கு ஐம்பது

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். சின்னவள் விஷயத்தில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. பாவம் அக்காள் புருஷனுடையது. பழி அவள் தலையில்.

அத்தானின் கட்டட வரைபட ஆபீஸில் அவள் வேலை பார்த்த காலத்தில், ஒரு நூலகத்துக்கு அலமாரிகள் வரைந்து கொடுத்தாள். கம்ப்யூட்டரில் எதையும் உள்ளபடி முழு அளவில் வரைய வேண்டும். காகிதத்தில் அச்செடுக்கும்போதுதான் சுருக்க வேண்டும். இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அத்தானோ பலகையில் பென்சிலால் வரைந்து பழகியவர். தாளில் அடங்கவில்லை என்றால் வரைந்ததையே பிடித்துச் சுருக்கிவிடுவார். அன்றும் அவள் வீட்டுக்குப் போன பிறகு ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் பாதியாக்கி, அப்படியே தச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்.

ஆள் உயர அலமாரிகள் இடுப்பளவில் வந்து இறங்கின. தட்டுகளில் ஒரு புத்தகம்கூட நிற்கவில்லை, படுத்துத்தான் கிடந்தது. நூலகத்து ஆட்கள் ஆபீஸுக்கு வந்து கத்தியபோது அத்தான் திரும்பிப் பார்க்காமலேயே கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

"இவதான் வரைஞ்சா. ஸ்கேல்னா என்னன்னே தெரியாது. மச்சினியாச்சேன்னு வேலை போட்டுக் குடுத்தேன், என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அந்த ஆபீஸின் நிர்வாகமெல்லாம் அக்காதான். அக்கா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே சின்னவளுக்கு வேலை போயிற்று. அதோடு விட்டதா? குடும்பத்தில் அவள் பெயர் 'அரை ஸ்கேல்' ஆயிற்று. கல்யாண வீட்டுப் பந்தியில், "அரை ஸ்கேலுக்குப் பாதி இலை போடுங்கப்பா" என்று அத்தான் சொல்ல, மொத்த வரிசையும் சிரித்தது. பெற்ற அம்மாவும் சிரித்தாள். சின்னவளும் சிரித்துவைத்தாள். உள்ளே ஒன்று கறுவிக்கொண்டே இருந்தது.

பிறகு அவள் கட்டடங்களுக்கு அட்டையில் மாதிரி செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். நல்ல பட்டறை, அமைதியான முதலாளி. கத்தியும் பசையும் அவள் கைக்கு வசப்பட்டன. கோபம் மட்டும் ஆறவில்லை.

பழம் நழுவி மடியில் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. கூரை போட்ட பெரிய சந்தை ஒன்றைக் கட்டும் வேலைக்கு அத்தான் போட்டி போட்டுக்கொண்டிருந்தார். தேர்வுக்குழுவின் முன்னால் வைக்க ஒரு மாதிரி வேண்டும் என்று அந்தப் பட்டறைக்கே ஃபைல் அனுப்பியிருந்தார். அவள் திறந்து அளந்து பார்த்தாள். அறுபது மீட்டர் நீளக் கட்டடம், கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலடிக்குச் சுருங்கிக் கிடந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஒன்றுக்கு ஐம்பது' என்று வேறு. ஏற்கெனவே ஐம்பதில் ஒரு பங்காய்ச் சுருக்கியதை இன்னொரு தடவை அப்படியே சுருக்கினால் கட்டைவிரல் நக அளவுதான் மிஞ்சும். மனுஷன் திருந்தவே இல்லை.

அவள் முதலாளியை அழைத்துக் காட்டினாள். அவர் அத்தானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அத்தான், ஃபைல் ஏற்கெனவே சுருங்கியிருக்கு. ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள் அவள்.

"யாரு, அரை ஸ்கேலா? நீ எனக்கு ஸ்கேல் சொல்லித் தர்றியா? ஓனர், இவள அதுல கை வைக்க விடாதீங்க. ஃபைல்ல இருக்கிறத அப்படியே ஒண்ணுக்கு அம்பதுன்னு செய்யுங்க."

"அப்படியேவா அத்தான்?"

"அப்படியே! ஒரு கோடுகூட மாத்தக் கூடாது."

போன் வைக்கப்பட்டது. முதலாளி தலையைச் சொறிந்தார். "சொந்தக்காரர்தானே... என்னம்மா செய்யப்போற?"

"ரெண்டு செய்யறேன் சார். ஒண்ணு அவர் கேட்டது. ஒண்ணு அவருக்கு வேண்டியது."

பெரியதை ஒழுங்காகச் செய்தாள். தூண், கூரை, கடைகளின் வரிசை எல்லாம் கச்சிதம். ஆனால் அவள் ரசித்துச் செய்தது சின்னதைத்தான். இடுக்கியால் மயிரிழைத் தூண்களை நட்டபோது அவள் உதட்டில் பாட்டு ஓடியது. அத்தனை சந்தோஷமாக அவள் எந்த வேலையையும் செய்ததில்லை.

தேர்வுக்குழு கூடிய அன்று சின்னதைப் பெட்டியில் வைத்து அவளே எடுத்துப்போனாள். பெரியது வாசலில், வண்டிக்குள் இருந்தது. அறை நடுவே பெரிய மேஜை, வெள்ளை விரிப்பு, சுற்றிலும் குழுவினர். ஓரமாக அக்கா, புதுப் புடவையில். அத்தான் பேசி முடித்து, "இப்ப மாதிரியைப் பாருங்க" என்று பெட்டியை வாங்கினார். கனமே இல்லாததைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். திறந்தார். பஞ்சுக்கு நடுவில் சந்தை, ஒரு மொச்சைக்கொட்டையளவு.

யாரோ ஒருவர் தும்மல் வந்தாற்போல் வாயைப் பொத்தினார். குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "எறும்புங்க வியாபாரம் பண்றதுக்கா?"

அறையே கொல்லென்று சிரித்தது.

"என்னடி இது?" அத்தான் பல்லைக் கடித்தார்.

"நீங்க கேட்டதுதான் அத்தான். ஒரு கோடுகூட மாத்தல." பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சரியான அளவுல ஒண்ணு வண்டியில இருக்கு. நூலக அலமாரிய யாரு பாதியாக்கினாங்கன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. கொண்டு வரேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மேஜையைப் பார்த்தார், குழுவைப் பார்த்தார். கடைசியில் முனகினார்.

"கேக்கல அத்தான்."

"அன்னைக்கு அந்த நூலகத்து அலமாரி... அது என் தப்பு. நான்தான் சுருக்கினேன். இவ சரியாத்தான் வரைஞ்சிருந்தா."

குழுவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியவளுக்குப் புரிந்தது. அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் சொன்ன சொல் தவறவில்லை. பெரியதைக் கொண்டுவந்து விரிப்பின் நடுவில் வைத்தாள். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் சிரிப்பு என்பது ஒரு தடவை அறைக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியேறாது. அத்தான் வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்த மொச்சைக்கொட்டையைப் பார்த்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

சில நாள் கழித்து அக்கா பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு ஆபீஸ் பக்கமே போறதில்ல. உனக்கு மனசு குளிர்ந்துதா? என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே அக்கா. அன்னைக்கே, உன் வீட்டுச் சமையலறையில அழுதுக்கிட்டே சொன்னேன். நீ என்ன சொன்ன? 'கை தவறிப்போச்சுன்னு ஒத்துக்கோ, விட்டுடுவாரு'ன்ன."

அக்காவுக்குக் கண் கலங்கியது. அது எதற்காக என்று சின்னவள் கேட்கவில்லை. புருஷனுக்காகவும் இருக்கலாம்.

"அம்மாகிட்ட நடந்ததச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "இனிமே உன்னை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க."

"சரி."

"இப்ப திருப்திதானே உனக்கு?"

இல்லை என்று சொன்னால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனசு கேட்கவில்லை, வருத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். சின்னவள் மனசைத் துழாவிப் பார்த்தாள். வருத்தம் எதுவும் தட்டுப்படவில்லை.

"ஆமாக்கா, திருப்திதான்" என்றாள்.