நாளைக்கு அழிக்கணும்

ஆஸ்பத்திரி சர்வரில் இடம் தீர்ந்துபோனதால், காலையில் எடுத்த ஸ்கேன் படம் சேமிக்கப்படாமல் மெஷினிலேயே நின்றுவிட்டது. படம் ஒரு தபால்காரருடையது. தலைக்குள் கட்டி, மதியம் ஆபரேஷன். போன மாதத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

ஸ்கேன் எடுப்பவள் மனைவி. சர்வரைப் பார்த்துக்கொள்பவன் கணவன். இடம் குறைகிறது என்று அவள் மாதக்கணக்கில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டுவதும் அப்படித்தான். மனுஷனுக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

ஒருவழியாகப் புது டிஸ்குகளை வாங்கிவந்து பெட்டியில் சொருகினான். அந்த ஒரே பெட்டிக்குள் பில்லுக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று என வர்ச்சுவல் சர்வர்கள் குடியிருந்தன. ஸ்கேன் சர்வருக்கு இடத்தைக் கூட்டிக் கொடுக்கப் போனால், அளவை மாற்றும் கட்டம் மங்கிக் கிடந்தது. என்ன தட்டியும் மசியவில்லை.

காரணம் ஒரு பழைய ஸ்னாப்ஷாட். ஏதாவது மாற்றுவதற்கு முன் சர்வரை இருந்த நிலையில் பிடித்துவைப்பது அது. அன்றிலிருந்து வருவதெல்லாம் தனிக் கோப்பில் சேரும். வேலை முடிந்ததும் அழித்தால், எல்லாம் பழையபடி ஒன்றாகக் கலந்துவிடும். அதுவரை இடத்தை நீட்ட முடியாது. இது எட்டு மாதமாக அப்படியே கிடந்தது. அவன் வைத்த பெயர் திரையில் பல்லிளித்தது: ‘நாளைக்கு அழிக்கணும்.’

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "எந்த நாளைக்குங்க?"

அவன் அழிக்கும் பொத்தானை அழுத்தினான். கோப்புகள் கலக்கத் தொடங்கின. மளமளவென்று ஓடிய பச்சைப் பட்டை கடைசி நூலிழையில் நின்றுவிட்டது. சர்ஜன் இரண்டாவது முறையாக போன் செய்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்" என்றான்.

"பாதியில நிறுத்தினா என்ன ஆகும்?"

"எட்டு மாசப் படமும் போனாலும் போயிடும்."

"அவரோட போன மாசப் படமும் அதுலதானே இருக்கு?"

"அதுலதான்."

அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வீட்ல எல்லாத்தையும் தள்ளிப்போடுறீங்கல்ல. இதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்க."

கைகட்டி உட்கார்ந்தான். குழாய் சொட்டியபோதெல்லாம் வராத பயம் இப்போது வந்தது. பட்டை அசைவேனா என்றது. பிறகு சத்தமில்லாமல் நிறைந்தது.

மங்கிய கட்டம் தெளிந்தது, இடத்தை நீட்டினான். இனி அந்தக் கூடுதல் இடத்தை ஸ்கேன் சர்வர் உள்ளேயும் எடுத்துக்கொள்ளும்படி நீட்ட வேண்டும். அதற்கு முன் பாதுகாப்புக்கு இன்னொரு ஸ்னாப்ஷாட். பெயர் கேட்டதும் விரல்கள் பழக்கத்தில் ‘நாளைக்கு’ என்று அடித்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதை அழித்துவிட்டு ‘இப்பவே அழிக்கணும்’ என்று போட்டான்.

உள்ளேயும் இடம் விரிந்தது. மெஷினில் காத்திருந்த படம் வந்து சேர்ந்தது. இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தன. "வந்துடுச்சு, ஆரம்பிக்கிறோம்" என்று சர்ஜன் போனை வைத்தார். தபால்காரரின் கட்டிலை வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"சாயங்காலம் போனதும் மொத வேலையா குழாயைச் சரி பண்ணிடுறேன்."

"அது இருக்கட்டும்" என்று திரையைக் காட்டினாள். "இத அழிச்சீங்களா?"

அவன் மறுபடி உட்கார்ந்தான்.