சவுனாவில் வியர்த்த துப்பாக்கிக் கட்டை

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை, பின்புறத்தில் ஒட்டியது. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஆர்வோ நியெமெலாவின் சவுனாவில், அதாவது ஆவிக்குளியல் அறையில், உட்கார்ந்து எழுந்தபோது ஒட்டிய பழுப்புக் கிரீஸ் அது. மூன்று நாள் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. நாலாம் நாள் நின்றுகொண்டே எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதிய வரி இது:

"ஈய நிற வானத்தின் கீழ், சுப்பீரியர் ஏரியின் அலைகள் ஏதோ முணுமுணுக்க, ஹார்லன் தன் துப்பாக்கியை—"

சே. ஹார்லன் அப்போது ஏரிப்பக்கமே போகவில்லை. சமையலறைத் தொட்டியில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, வெந்நீர் தீர்ந்துவிட்டது என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தான். அந்த வரியை அடித்துவிட்டேன். (அடித்ததை உங்களிடம் ஏன் காட்டுகிறேன் என்றால், எழுதிய உழைப்பு வீணாகிறதே என்றுதான்.)

2.

ஹார்லனுக்கு வேண்டியது ஒரே ஒரு படுக்கை.

மாமனார் ஆர்வோவுக்குக் காட்டுக்குள் ஒரு வேட்டைக் குடில் இருக்கிறது. அதில் ஏழு படுக்கைகள். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்றைக்கு அந்தக் குடிலில் படுத்தெழுந்தவன்தான் இந்தக் குடும்பத்தில் ஆம்பிளை. மற்றவனெல்லாம் கல்யாணப் புகைப்படத்தில் ஓரமாக நிற்கிறவன். ஏழு வருடமாக ஓரமாக நின்று ஹார்லனுக்குக் கால் கடுத்துவிட்டது. போதாக்குறைக்கு அவன், எங்கள் வடகரையை மாநிலத்தின் மற்ற பகுதியோடு சேர்க்கும் பாலத்துக்குத் தெற்கே பிறந்தவன், அதாவது வெளியூரான். மச்சான் ரஸ்ஸல் அவனை "பாலத்தடிப் பூதம்" என்றுதான் கூப்பிடுவான், தேவாலயத்தில்கூட.

இந்த வருடம் ஒரு சித்தப்பாவுக்கு முழங்கால் போய், ஏழாவது படுக்கை காலியானது. ஆர்வோவின் நிபந்தனை ஒன்றுதான். கடையில் பளபளவென்று புதுசு வாங்கி வருகிறவனுக்கு இடமில்லை. பழைய துப்பாக்கியை அவனவன் கையால் தேற்றிக் கொண்டுவர வேண்டும்.

ஹார்லன் அதுவரை தேற்றியது ஒரு ரொட்டி சுடும் இயந்திரத்தை. அதுவும் பிறகு எரிந்துபோனது.

3.

வாங்கினான். மரப்பெட்டியில் இருபது இருபதாக அடுக்கி விற்கிறார்களே, அந்தப் பழைய பட்டாளத்து ரைஃபிளில் ஒன்று. இருப்பதிலேயே மலிவு. ஊர்க் கிழவர்கள் சொல்லிக்கொடுத்தபடி குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினான். கடைக்காரரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் கிரீஸ். எழுபது வருடம் துருப்பிடிக்காமல் காத்த கிரீஸ். தாழ்ப்பாளில், விசையில், திருகின் மரையில், எங்கே தொட்டாலும் மெழுகும் தாரும் சேர்ந்த அந்தச் சனியன். இரும்பையெல்லாம் வெந்நீரில் போட்டு, பெட்ரோலில் துடைத்து, எண்ணெய் பூசி எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். ஊரில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடமும் காட்டி, சுடலாம் என்று சொல்லக் கேட்டுக்கொண்டான். ஆனால் தோளில் அண்டக் கொடுக்கும் மரக்கட்டை? மரத்துக்குள் ஊறிய கிரீஸ் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சூடு காட்டினால்தான் இறங்கும்.

அப்போது இணையத்தில் யாரோ* ஒரு யோசனை சொன்னார். சவுனாவில் தொங்கவிடு.

வியாழக்கிழமை மாமனார் ஊரில் இல்லை. ஹார்லன் அவருடைய சவுனாவை மூட்டி, உட்காரும் படிகளில் உச்சிப் பலகைக்கு மேலே கட்டையைக் கம்பியில் தொங்கவிட்டான். இரண்டு மணி நேரம் அது சொட்டுச் சொட்டாக அழுதது. உள்ளேயிருந்து வாதுமை நிற மரம் வெளியே வந்தபோது ஹார்லன் சந்தோஷத்தில் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். தன் கையால் ஒன்று உருப்பட்டது அதுதான் முதல்முறை. பலகையைத் துணியால் நன்றாகத் துடைத்தான். மோந்து பார்த்தான். சுத்தம்.

___
* யார் என்பது இப்போது முக்கியமில்லை. மேலே படியுங்கள்.

4.

சனிக்கிழமை சவுனா என்பது இங்கே குளியல் இல்லை, ஒழுக்கம். உச்சிப் பலகையின் நடுவில் ஆர்வோ. அவருக்கு இடப்பக்கம் நான், அதாவது பதினெட்டு வருடப் பக்கத்து வீட்டுக்காரன், கல்லூரியில் கணக்கு வாத்தியார். கீழ்ப் பலகையில் ரஸ்ஸலும் ஹார்லனும். நால்வருக்கும் உடுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆர்வோ அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். சூடு ஏறியது. இன்னொரு குவளை. இப்போது பலகையும் வியர்க்கத் தொடங்கியது. துணியால் துடைத்தது மேல்பூச்சைத்தான். மரம் குடித்ததை யார் துடைப்பது?

எழுபத்து மூன்று வயதுக்காரர் மெதுவாக நகர ஆரம்பித்தார். அவர் எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்த வாக்கில், அதே கம்பீரமான முகத்தோடு முன்னோக்கி வழுக்கினார். பிடிக்க என்று கையை ஊன்றினார், கையும் வழுக்கியது. ரஸ்ஸலின் தோளில் இறங்கி, ரஸ்ஸலையும் சேர்த்துக்கொண்டு தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் இதை எழுத இன்று இருந்திருக்க மாட்டேன்.

ஆர்வோ தன் உள்ளங்கையை முகர்ந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வாசனை தெரியும். தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்:

"இது யாரோட யோசனை?"

"என்னோடதுதான் மாமா," என்றான் ஹார்லன்.

5.

இங்கிருந்து எப்படி முடிப்பது? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஹார்லன் தன் துப்பாக்கியால் ஊரே மெச்ச ஒரு மானை வீழ்த்துகிறான். நடக்காது. விசையை இழுக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

(ஆ) கிரீஸ் போன கட்டையில் ஃபின்லாந்துப் படையின் முத்திரை தெரிகிறது. ஆர்வோ அதைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து கப்பலேறி வந்த தன் முன்னோர்களை நினைத்துக் கண்ணீர்—

ஆர்வோவாவது, அழுவதாவது. பெண்டாட்டி செத்த அன்றைக்கே காபி ஆறிவிட்டது என்று குறைப்பட்டவர்.

(இ) படுக்கை கிடைக்காத ஹார்லன் கோபித்துக்கொண்டு தெற்கே போகிறான். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் குஷியாக இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

6.

எழுதிய வரைக்கும் ஹார்லனின் மனைவி கைசாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் அப்பாவைவிடக் கறாரானவள். காகிதங்களை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எம் புருஷன் முட்டாள்தான். ஆனா நீ எழுதியிருக்கிற அளவுக்கு இல்ல. அது கிடக்கட்டும். இணையத்துல எவனோ சொன்னான்னு போட்டிருக்கியே, எங்க வீட்டுல அப்போ நெட்டு ரெண்டு வாரமா வேலையே செய்யலையே?"

மாட்டிக்கொண்டேன். சரி, அந்த நட்சத்திரக் குறிக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான்தான். சவுனாவில் தொங்கவிடு என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்த ஹார்லனிடம் சொன்னது நான்தான்.

நானும் அதே பெட்டியிலிருந்து ஒரு ரைஃபிள் வாங்கியிருந்தேன். ஆகஸ்ட் மாதமே அதன் கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுக் கிரீஸை இறக்கிவிட்டேன். அதுதான் ஒழுங்கான வழி. ஹார்லனுக்கு அதைச் சொல்லவில்லை. அக்டோபரில் வெயிலுக்கு எங்கே போவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அடுப்படியில், அட்டைப்பெட்டிக்குள் ஒரு விளக்கைப் போட்டு, எப்படி வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அந்தப் படுக்கை எனக்கு வேண்டும். பதினெட்டு வருடமாக வேண்டும்.

இன்னொன்று. நாலாம் பகுதியில் ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஆர்வோ கேட்டதும் ஹார்லன் நேராக என்னைத்தான் பார்த்தான். நான் சட்டென்று கண்ணைத் தாழ்த்தி, கால் விரல்களை எண்ணத் தொடங்கினேன். அதற்குப் பிறகுதான் அவன், "என்னோடதுதான் மாமா," என்றான்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தால் கதையின் நாயகன் மாறிவிடுகிறான். அதனால்தான் விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

7.

முடிவு என்று ஒன்று இருந்தால் அது இன்று மாலை நடக்கிறது. நவம்பர் பதினான்கு. ஆர்வோ வந்து என் வாசலில் நிற்கிறார். லாரியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. உள்ளே வரவில்லை, உட்காரவுமில்லை.

"வாத்தியாரே, படுக்கை ஒண்ணு, ஆளு ரெண்டு. உன் துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. அவனோடதும் மோசமில்ல. எனக்குக் கோவத்துல புத்தி சரியா ஓடல. நீ நியாயமா பேசுறவன். யாரைக் கூட்டிட்டுப் போகட்டும், நீயே சொல்லு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் பனி தள்ளிக்கொண்டிருக்கிறான். தன் வாசலை முடித்துவிட்டு, என் வாசலையும் தள்ளுகிறான். படுபாவி.

நான் வாயைத் திறந்துவிட்டேன். இதுவரை எழுதியதில் எத்தனை பொய் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே இதை என்னிடம் விடாதீர்கள். என்ன சொல்லட்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவு திறந்து கிடக்கிறது, குளிர் உள்ளே வருகிறது.