பதினொரு செத்த பெட்டிகள்

அவளுடைய அக்காவின் கணவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தபோது, அவள் சாப்பாட்டு மேசை முழுக்க வைஃபை ரவுட்டர்களைப் பரப்பி வைத்திருந்தாள். மூடி கழற்றிய பெட்டிகள் ஒன்பது. இன்னும் இரண்டு தபாலில் வந்துகொண்டிருந்தன. எல்லாம் அவள் கொன்றவை.

கொன்றவை என்ற சொல் அவளுடையதுதான். வார நாட்களில் அவள் காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தாள். மிச்ச நேரத்தை ஒரு பழைய ரவுட்டர் ரகம் விழுங்கிக்கொண்டிருந்தது. அதைச் செய்த நிறுவனம் ஐந்து வருடத்துக்கு முன்பே அதைக் கை கழுவிவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளை இனி அடைக்க மாட்டோம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டது. நன்றாக உழைக்கிற பெட்டியைக் குப்பையில் போடச் சொல்ல இவர்கள் யார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொது நிரலிலிருந்து அந்தப் பெட்டிக்கான மென்பொருளைத் தானே கட்டி, மாதம் ஒரு சோதனைப் பதிப்பாக வெளியிட ஆரம்பித்தாள். இப்போது நாலாயிரம் வீடுகளில் அது ஓடுகிறது. கோபத்தால் உருப்பட்ட காரியங்கள் உலகத்தில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

போன பதிப்பில்தான் சறுக்கினாள். வழக்கம்போல முதலில் தன் வீட்டு ரவுட்டரில் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாள். ராஜா மாதிரி ஓடியது. ஓடாதா பின்னே? மூன்று வருடத்துக்கு முன், இடம் போதவில்லை என்று அதன் மெமரி சிப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரியதை அவளே பற்றவைத்திருந்தாள். பதிப்பின் அளவைச் சரிபார்க்கும் கட்டத்தையும் அதற்காக அணைத்து வைத்திருந்தாள். இரண்டையும் சுத்தமாக மறந்துவிட்டாள். இந்த முறை பதிப்பு பழைய சிப்பின் அளவைத் தாண்டிப் பெருத்திருந்தது. அவள் பெட்டி கொண்டதை ஊரார் பெட்டிகள் கொள்ளவில்லை. முதல் மணி நேரத்திலேயே பதினொன்று பொட்டென்று போயின. உடனே பதிப்பை நீக்கிவிட்டு, பதிப்புகளை வெளியிடும் தன் இணையப் பக்கத்தின் உச்சியில் எழுதினாள்: 'இந்தப் பதிப்பு பதினொரு பெட்டிகளைக் கொன்றது. தவறு என்னுடையது. அனுப்பி வையுங்கள், உயிர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன்.'

அத்தான் அந்த நிறுவனத்தில்தான் சேவைப் பிரிவு மேலாளர். நாற்காலியில் இருந்த பெட்டியைப் பதவிசாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாள். ஆற அமர விஷயத்தைச் சொன்னார். பதினொரு பேருக்கும் நிறுவனம் இலவசமாகப் புதுப் பெட்டி கொடுத்துவிடும். பதிலுக்கு அவள் பக்கத்தை மூடிவிட்டு, இனி எந்தப் பதிப்பும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு. அவள் எழுதிய அந்த வரியே அவர்களுக்குச் சாட்சி.

ஒரு கணம் அவள் ஆடித்தான் போனாள். அந்தப் பதினொரு பேரை நினைத்துப் பத்து நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே கையெழுத்தில் எல்லாருக்கும் புதுப் பெட்டி. பிறகு மற்ற நாலாயிரத்தை நினைத்தாள். அடுத்த ஓட்டை தெரிய வரும் நாளில், அதை அடைக்க ஓர் ஆள் இருக்காது.

"நாலாயிரம் பேருக்கும் புதுப் பெட்டி குடுப்பீங்களா அத்தான்?"

அது எப்படி முடியும் என்றார். அப்படியானால் ஓட்டைகளையாவது நீங்களே அடைப்பீர்களா என்று கேட்டாள். அவர் கையெழுத்துத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவள் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினாள். தன் வீட்டு ரவுட்டரைத் திறந்து, அந்தப் பெரிய சிப்பைக் கழற்றிப் போட்டாள். டப்பாவில் கிடந்த பழைய சின்னச் சிப்பை அதே இடத்தில் வைத்துப் பற்றவைத்தாள். இப்போது இது எதற்கு என்று அத்தான் கேட்டார். எனக்கொரு பெட்டி ஊருக்கொரு பெட்டி என்று வைத்துக்கொண்டதுதான் குற்றம் என்றாள். அளவைக் குறைத்துத் திருத்திய பதிப்பை அதில் ஏற்றினாள். விளக்கு மூன்று நிமிடம் சிவப்பாகவே நின்றது. அத்தான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பச்சையாயிற்று.

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வெளியீட்டுக் குறிப்பை எழுதத் தொடங்கினாள். செத்த பெட்டிகளைப் பற்றிய வரி உச்சியிலேயே இருந்தது. அதற்குக் கீழே, தெரிந்த கோளாறுகள் என்ற பகுதியில் இன்னொன்றைச் சேர்த்தாள்: 'இந்தப் பக்கத்தை மூடச் சொல்லி நிறுவனம் கேட்கிறது. மூடினால் பதினொரு பேருக்கும் புதுப் பெட்டி தருவார்களாம். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பதினொரு பேர் என்மீது கோபப்படலாம், நியாயம்தான்.'

அத்தான் எட்டிப் படித்தார்.

"மேல இருக்கற அந்த வரிய மட்டுமாவது எடுத்துடும்மா. அத வெச்சுத்தான் உன்ன மடக்குவாங்க."

"அந்த வரி இருக்கறதாலதான் மத்த வரியெல்லாம் நம்புறாங்க. உங்க கம்பெனி இத்தனை வருஷத்துல அப்படி ஒரு வரி எழுதியிருக்கா அத்தான்?"

அவர் கையெழுத்துத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்படியானால் வழக்குப் போடுவார்கள் என்றார், பாதி எச்சரிக்கையாக, பாதி வருத்தமாக.

"போடட்டும். என் விலாசம் உங்களுக்குத் தெரியுமே, நீங்களே குடுத்துடுங்க."

வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். அத்தான் எழுந்து போகவில்லை. அவளோடு சேர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மணி நேரத்தில் நூற்று நாற்பது பேர் ஏற்றிக்கொண்டார்கள். ஒன்றும் சாகவில்லை.